ஒரு பெட்டிக்கு ஒன்றரை டன் குளிர்

தெரியாத வேலையில் மனுஷன் தோற்பது சகஜம். அதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. ஆனால் தெரிந்த வேலையில், அதுவும் ஊருக்கே நான்தான் வாத்தியார் என்று சொல்லித் திரிகிற வேலையில், முப்பது பேரைச் சாப்பாட்டுக்கு வரச் சொல்லிவிட்டு அவர்கள் கண் முன்னால் தோற்பதற்குத் தனித் திறமை வேண்டும். அந்தத் திறமை எனக்கு இருக்கிறது.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். (கேட்காவிட்டாலும் சொல்வேன் என்பாள் என் மனைவி சரோஜா.) பெயர் கோதண்டம். ஊர் பிள்ளைப்பாக்கம். எட்டாவது வரைக்கும் படித்தேன். எட்டாவதை மட்டும் இரண்டு தடவை படித்தேன். அதற்கு மேல் பள்ளிக்கூடம் தாங்காது என்று தகரம் வெட்டப் போய்விட்டேன். கம்பெனிகளில் கூரைக்கு அடியில் ஏசி காற்று போவதற்குப் பெரிய பெரிய தகரக் குழாய் ஓடுமே, அதற்கு டக்ட் என்று பேர். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் கம்பெனிகள் வரிசையாக வந்த காலத்தில், கத்தரியைத் தூக்கிக்கொண்டு நானும் வரிசையாகப் போனேன். இன்றைக்குச் சொந்த ஷெட் இருக்கிறது, இருபத்திரண்டு ஆள் இருக்கிறார்கள். இந்த வட்டாரத்தில் எந்தக் கம்பெனியிலாவது உங்கள் தலைக்கு மேல் ஜில்லென்று காற்று வந்தால் ஒரு நிமிஷம் என்னை நினைத்துக்கொள்ளுங்கள். வரவில்லையென்றால் அது வேறு காண்டிராக்டர்.

என் ஷெட் சுவரில் பெரிய எழுத்தில் ஒரு வாசகம் எழுதி வைத்திருக்கிறேன்: "வேர்க்காத டக்ட், விலகாத நட்பு." நானே யோசித்தது. உள்ளே குளிர்ந்த காற்று ஓடுகிற குழாயின் மேல் வெளியே இருக்கிற புழுக்கம் பட்டால் குழாய் வேர்க்கும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வைத்த சொம்பு வேர்க்கிறதே, அந்த மாதிரி. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும். அதனால் குழாயைச் சுற்றிக் கறுப்பு ரப்பர் ஷீட் ஒட்டுவோம். அதுதான் இன்சுலேஷன். புது ஆளுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் அது. நீங்களாவது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் தேன்மொழி ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி இன்ஜினியர். ஷிஃப்ட் முடிந்து வந்தால் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டரில் சுடுகிற ஆட்டம் ஆடுவாள். ஐந்து பெண்கள் ஒரு டீம். ஒருத்தி மறைமலைநகர், ஒருத்தி மதுரை, ஆளுக்கொரு ஊர். இவள்தான் கேப்டன். போன தடவை மாநிலப் போட்டிக்கு ஆள் எடுக்கும் ஆட்டத்தில், கடைசி ரவுண்டில் இவளுடைய லேப்டாப் சூடாகித் திக்கித் திக்கி நின்றுவிட்டது. டீம் தோற்றது. அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

"நாலு பேரு என்னை நம்பிக்கினு இருந்தாங்கப்பா" என்றாள். "அடுத்த தடவைதான் நாங்க அஞ்சு பேரும் சேர்ந்து ஆடற கடைசி ஆட்டம். ஒருத்தி வெளிநாட்டுக்குப் போறா. இதுலயும் சூடாச்சுன்னா அவ்ளோதான்."

சூடு என்ற வார்த்தை என் காதில் விழுந்தது. அதற்கு மேல் அவள் சொன்ன எதுவும் விழவில்லை.

"கம்ப்யூட்டரு எனக்குத் தெரியாதும்மா. சூடு தெரியும். சூடு எங்க இருந்தாலும் சூடுதான். வுடு, நான் பாத்துக்கறேன்."

அவள் தன் சம்பளத்தில் சேர்த்து வைத்துப் புதுக் கம்ப்யூட்டருக்குப் பாகங்களை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து மொபைலில் பட்டியல் போட்டிருந்தாள். வாங்குவதற்குச் சென்னைக்குக் கிளம்பினாள். தனியாகத்தான் போவதாக இருந்தாள். நான் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

கடையில் ஒவ்வொரு சாமானையும் நான் கையில் வாங்கி எடை பார்த்தேன். (முப்பது வருஷ அனுபவம். வெயிட் இருந்தால் சரக்கு நல்ல சரக்கு.) கிராபிக்ஸ் கார்டு செங்கல் மாதிரி கனத்தது, பாஸ் பண்ணினேன். பிராசசர் என்று ஒன்றைக் காட்டினார்கள். பிஸ்கட் துண்டு அளவு. "இதுக்கா இம்மாம் வெலை? கீழ வுழுந்தா தேடக்கூட முடியாதே!" என்றேன். கேபினெட்டின் பக்கவாட்டில் கண்ணாடி. மற்ற பக்கத்துத் தகரத்தை விரலால் சுண்டிப் பார்த்தேன். "அப்பளம்" என்றேன். தேன்மொழி இரண்டடி தள்ளிப்போய் நின்றுகொண்டாள்.

கடைசியாக அவள் தேர்ந்தெடுத்த கூலர் வந்தது. அலுமினியத் தகடு அடுக்கி இரண்டு பக்கமும் சின்னச் சின்ன விசிறி.

"இன்னாம்மா இது? சாமிக்கு வீசற சாமரம் மாதிரி கீது. இதுவா குளிர வெக்கும்?"

"போதும்ப்பா. முன்னாடி ரெண்டு ஃபேன் காத்த இழுக்கும், பின்னாடி ஒண்ணு தள்ளும். எல்லாரும் இதான் போடறாங்க."

கடைக்காரர் இடையில் புகுந்து, "சார், வேணும்னா வாட்டர் கூலிங் இருக்கு. குழாய்ல தண்ணி சுத்தி வந்து சூட்டை எடுத்துக்கும்" என்றார்.

நான் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "தம்பி, கரண்ட்டுப் பொட்டிக்குள்ள எவனாவது தண்ணி வுடுவானா? எங்க பக்கம் கம்பெனியில இப்படிச் செஞ்சா சேஃப்டி ஆபீசரு கேட்டுக்கு வெளிய தள்ளிடுவாரு. அறிவிருக்கிறவன் செய்யிற வேலையா இது?"

இந்தக் கேள்வியையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வழியெல்லாம் நான் கணக்குப் போட்டேன். மொத்தம் எழுநூறு வாட் வரும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். எழுநூறு வாட் என்றால் ஒரு இஸ்திரிப் பெட்டி. இஸ்திரிப் பெட்டியை ஆன் பண்ணித் தகர டப்பாவுக்குள் பூட்டி வைத்துவிட்டு, சாமரம் வீசினால் ஆறுமா? எங்கள் ஹாலில் ஒன்றரை டன் ஸ்ப்ளிட் ஏசி சும்மா மனுஷர்களுக்குக் காற்று வீசிக்கொண்டிருந்தது. மனுஷன் வேர்த்தால் துடைத்துக்கொள்வான். மெஷின் துடைத்துக்கொள்ளுமா?

பாகங்களைப் பூட்டிக் கம்ப்யூட்டரை ஹாலில் வைத்துவிட்டுச் சனிக்கிழமை தேன்மொழி காலை ஷிஃப்டுக்குப் போன கையோடு, என் ஃபோர்மேன் முனுசாமியைக் கூப்பிட்டேன். ஏசியின் வாய்க்கு அளவெடுத்து ஒரு தகர மூடி செய்தோம். அதிலிருந்து ஒரு டக்ட், யானைத் தும்பிக்கை மாதிரி வளைந்து, வர வரச் சிறுத்து, கீழே இறங்கிக் கேபினெட்டின் தலையில் இருக்கும் சல்லடைமேல் வந்து உட்கார்ந்தது. புதுத் தகரம். பளபளவென்று முகம் தெரிந்தது. என் முகம்தான் தெரிந்தது. எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

முனுசாமி கறுப்பு ரப்பர் ஷீட்டை விரித்து வைத்துக்கொண்டு நின்றான்.

"சுத்திடலாமாண்ணே?"

"இன்னாத்துக்கு?"

"இன்சுலேஷன்..."

"கல்யாணப் பொண்ணுக்குக் கம்பளி போத்துவியாடா? நாளைக்கு முப்பது பேரு வராங்க. அவங்க எதைப் பாப்பாங்க, தகரத்தையா, உன் ரப்பரையா?"

"இல்லண்ணே, நீதான் சொல்லுவ..."

"அது கம்பெனிக்கு. இது வூடு."

இருபத்திரண்டு பேரில் ஒருத்தனும் எனக்கு எதிராக இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. அது என் பலம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மதியம் வந்த தேன்மொழி வாசலிலேயே நின்றுவிட்டாள். தும்பிக்கையை மேலிருந்து கீழே பார்த்தாள். "அம்மா!" என்று கத்தினாள். சரோஜா சமையலறையிலிருந்தே, "என்னைக் கேக்காத, நான் காலையிலேயே கேட்டுத் திட்டு வாங்கிட்டேன்" என்றாள். கழற்றச் சொல்லிக் கத்தினவளை, ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். கதவு ஜன்னலெல்லாம் சாத்தி, ஏசியைப் போட்டு, அவள் அரை மணி நேரம் ஆடினாள். எண்பது டிகிரிக்குப் போக வேண்டிய சூடு நாற்பத்திரண்டில் நின்றது. திரும்பித் திரும்பி அந்த எண்ணைப் பார்த்தாள்.

"சூப்பர்ப்பா" என்றாள், மெதுவாக.

அந்த ஒரு வார்த்தைதான் என்னைக் கெடுத்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நாலு மணிக்கு ஆட்டம். மூன்று ஆட்டத்தில் இரண்டு ஜெயித்தால் மாநிலப் போட்டி. ஐப்பசி மாதம், மழை வரும் வரும் என்று ஊரே புழுங்கிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கம் புது மெஷின் எது வந்தாலும் பூஜை போடாமல் முதல் வேலைக்கு விட மாட்டோம். கண்ணாடியில் சந்தனம் குங்குமம் வைத்தேன். எலுமிச்சம்பழம் எங்கே வைப்பது என்று யோசித்துக் கேபினெட்டின் நாலு மூலையிலும் வைத்தேன். கற்பூரத் தட்டோடு நெருங்கியபோது தேன்மொழி குறுக்கே கை நீட்டி நின்றாள். அதனால் கற்பூரம் வாசலோடு போயிற்று. வாசலில் பூசணிக்காய் உடைத்தேன். சொந்தக்காரர்கள், என் ஆட்கள் எல்லாரும் வந்து பிரியாணி சாப்பிட்டுவிட்டு ஹாலில் நிரம்பினார்கள்.

முன்வரிசையில் உட்கார்ந்தவன் சரோஜாவின் தம்பி தனபால். கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் லைனில் இருந்து விருப்ப ஓய்வு வாங்கினவன். கல்யாணப் பந்தியில் அப்பளத்தைக்கூடத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவான்.

"மாமா, இன்னா இது? பொட்டிக்கு ஏசியா? அப்ப எங்களுக்கு?"

"உனக்கு இன்னா, சூடாயி நின்னுடுவியா? உக்காரு மச்சான்."

ஆனால் உண்மை அதுதான். ஒன்றரை டன் குளிரும் பெட்டிக்குள் போய்விட்டது. முப்பது பேர் ஆவி பிடித்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். யாரோ ஒரு ஜன்னலைத் திறந்தார்கள். அப்புறம் எல்லா ஜன்னலையும். அப்புறம் வாசல் கதவையும். ஐப்பசிப் புழுக்கம் வரவேற்பில்லாமல் உள்ளே வந்தது. அடுப்படியிலிருந்து இரண்டாவது பிரியாணி அண்டாவின் தம் உடைத்த ஆவியும் வந்து சேர்ந்துகொண்டது.

முதல் ஆட்டம் ஜெயித்தாள். பெட்டி ஒரு தடவைகூடத் திக்கவில்லை. கைதட்டல் அவளுக்கு, எழுந்து கும்பிட்டது நான்.

இரண்டாவது ஆட்டம் பாதி போயிருக்கும். தனபால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேபினெட்டைப் பார்த்தான்.

"மாமா, கண்ணாடிக்குள்ள தண்ணி ஓடுது பாரு."

பார்த்தேன். உள்ளே நீலமும் ரோஸுமாக விளக்கு எரிந்தது. அந்த வெளிச்சத்தில் முத்து முத்தாக ஏதோ இறங்கிக்கொண்டிருந்தது. அழகாகத்தான் இருந்தது.

"வாட்டர் கூலிங்கும் வெச்சுக்கீறியா?" என்றான்.

கடைக்காரர் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. நான் சிரித்த சிரிப்பு ஞாபகம் வரவில்லை. முப்பது பேர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெரியாது என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

"ஆமா" என்றேன்.

"பாத்துக்கோங்கப்பா!" என்று தனபால் கூட்டத்தைப் பார்த்துக் கத்தினான். "ஏசியும் வெச்சு, தண்ணியும் வெச்சுக்கீறாரு! எங்க மாமா மாமாதான்!" நாலு பேர் மொபைலை எடுத்து வீடியோ பிடித்தார்கள்.

பின்னாலிருந்து முனுசாமி என் தோளைத் தொட்டான்.

"அண்ணே, வேர்க்குது."

"எல்லாருக்கும்தான்டா வேர்க்குது. அந்தாண்ட போய் உக்காரு."

"எனக்கில்லண்ணே. டக்ட்டுக்கு."

நிமிர்ந்து பார்த்தேன். என் முகம் தெரிந்த தகரம் முழுக்கத் தண்ணீர். தும்பிக்கையின் வளைவு முழுவதும் ஓடி, கடைசி நுனியில் ஒன்றுகூடி, சல்லடை வழியாக நேராகக் கிராபிக்ஸ் கார்டின் தலைமேல் அபிஷேகம் நடந்துகொண்டிருந்தது. எட்டிப் போய்க் கையை வைப்பதற்குள், டப்.

ஸ்கிரீன் செத்தது. மெயின் சுவிட்ச் விழுந்தது. ஹாலின் மின்விசிறிகளும் நின்றன. தேன்மொழி ஹெட்போனைக் கழற்றினாள். பெட்டியைப் பார்த்தாள். டக்ட்டின் மேல் ஒரு விரலை வைத்து இழுத்தாள். ஈர விரலைத் திருப்பி என்னிடம் காட்டினாள். அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. என் ஆயுளில் எத்தனையோ தண்ணீர்க் கசிவைப் பார்த்திருக்கிறேன். எதற்கும் இப்படிப் பயந்ததில்லை.

சரோஜாதான் பேசினாள். "ஷெட்டு சொவுத்துல எழுதி வெச்சுக்கீறீங்களே, அதை மொதல்ல போய் அழிச்சிட்டு வாங்க."

அதற்குள் தேன்மொழி கண்ணைத் துடைத்துவிட்டு மொபைலில் யாரிடமோ பேசினாள். ஒரு டீம் ஒரே ஒரு தடவை இருபது நிமிஷம் ஆட்டத்தை நிறுத்தி வைக்கலாமாம். இருபத்தோராவது நிமிஷம் அவள் இல்லையென்றால் ஆட்டம் எதிராளிக்கு.

"ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுகிட்ட கேமிங் சென்டர் ஒண்ணு இருக்கு. வண்டி எடுங்க."

என் காருக்குப் பின்னால் விருந்தாளிகளின் வண்டிகள் பதினைந்து நின்றன. தெருவில் நின்றது ஷெட்டின் குட்டியானை லாரிதான். மிச்சத் தகரம் பின்னால் கடகடவென்று ஆட, கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் புகுந்து நான் ஓட்டின ஓட்டத்தை என் ஆட்கள் யாராவது ஓட்டியிருந்தால் அன்றைக்கே வேலையை விட்டு நிறுத்தியிருப்பேன். தேன்மொழி மொபைலை ஸ்பீக்கரில் போட்டு நடுவரிடம் பேசிக்கொண்டு வந்தாள்.

"என்ன பிரச்சனைம்மா?" நடுவர் கேட்டார்.

"மழை சார். மழையில கம்ப்யூட்டர் நனைஞ்சிடுச்சு."

எதிர் டீம் பையன் ஒருத்தன் குறுக்கே புகுந்தான். "மழையா? நான் குன்றத்தூர்லதான் இருக்கேன். இங்க ஒரு தூத்தல்கூட இல்ல. எந்த ஏரியாவுல பேயுது?"

தேன்மொழி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"எங்க ஹால்ல" என்றாள்.

சென்டர் ஒரு மாடியில் இருந்தது. பதினெட்டு நிமிஷம் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை லீவில் தெக்கத்திப் பக்கத்திலிருந்து கம்பெனி வேலைக்கு வந்த பையன்கள் எல்லாச் சீட்டிலும் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். அவள் விஷயத்தைச் சொல்லி முடிக்கவில்லை, ஒருத்தன் எழுந்துவிட்டான். "எக்கா, இதுல உக்காருங்க. நல்ல மிசினு." பக்கத்துச் சீட்டுக்காரனை, "ஏலே, சத்தம் போடாத, செலக்சன் மேட்சாம்ல" என்று அடக்கினான்.

அந்த "நல்ல மிசின்" பக்கக் கதவில்லாமல் குடலைக் காட்டிக்கொண்டு நின்றது. ஏசி இல்லை. ஸ்டூலில் ஒரு டேபிள் ஃபேன் அதன் வயிற்றைப் பார்த்து ஓடியது. அவ்வளவுதான்.

"சூடாவாதா தம்பி?" என்று சென்டர்காரரிடம் கேட்டேன்.

"ஆவும் அண்ணாச்சி. ஃபேன வச்சா போயிரும்" என்றவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க. காத்த மறிக்காதீய."

ஒரகடத்துக்கே காற்று போட்டவனைப் பார்த்து! நான் தள்ளி நின்றேன். நின்ற இரண்டாவது நிமிஷம், நூல் போட்டுக் கட்டியிருந்த ஃபேனின் கழுத்து அறுந்து தலை தொங்கிவிட்டது. காற்று தரையைப் பார்த்து அடித்தது. ஆட்டம் தொடங்கிவிட்டது. தேன்மொழி ஸ்கிரீனை விட்டுக் கண்ணெடுக்க முடியாது. நான் குனிந்து, ஃபேனின் தலையை இரண்டு கையாலும் தூக்கிப் பெட்டிக்கு நேராகப் பிடித்தேன்.

இரண்டாவது ஆட்டம் தோற்றார்கள். கை மரத்துப் போயிற்று. ஒரு பையன், "மாத்தி விடட்டா அண்ணாச்சி?" என்றான். தலையை ஆட்டி மறுத்தேன். ஒரு மணி நேரம். வாயைத் திறக்கவில்லை. (இதைச் சரோஜா இன்றுவரை நம்பவில்லை.) மூன்றாவது ஆட்டத்தின் கடைசி ரவுண்டில் அந்த அறையில் ஒருத்தரும் மூச்சு விடவில்லை. டேபிள் ஃபேன் மட்டும் விட்டது. அப்புறம் தேன்மொழி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து கத்தினாள். தெக்கத்திப் பையன்கள் விசில் அடித்தார்கள். ஸ்பீக்கரில் நாலு பெண்கள் அழுதுகொண்டே சிரித்தார்கள். நான் ஃபேனைக் கீழே விடவில்லை. விடலாம் என்று யாரும் சொல்லவில்லையே.

"அப்பா" என்றாள் அவள் திரும்பி. "போதும், இறக்குங்க."

வீட்டுக் கம்ப்யூட்டரில் கிராபிக்ஸ் கார்டு மட்டும் காய்ந்து பிழைத்தது. மதர்போர்டு போய்ச் சேர்ந்தது. அவள் மறுபடி தன் பட்டியல்படியே வாங்கிப் பூட்டினாள். அந்தச் சாமரம்தான் இன்றைக்கும் ஓடுகிறது. சூடே ஆவதில்லை. தும்பிக்கையைச் சரோஜா அடுப்புக்கு மேல் புகைபோக்கியாக மாட்டிக்கொண்டாள். நான் எப்போது குரலை உயர்த்திப் பெருமை பேச ஆரம்பித்தாலும் கரண்டியால் அதை ஒரு தட்டுத் தட்டுவாள். வீட்டுக்கு வந்தவர்கள் அர்த்தம் கேட்பார்கள். முழுக் கதையும் பிரியாணியோடு பரிமாறப்படும். தனபால் வந்திருந்தால் வீடியோவும் உண்டு. அதில் "ஆமா" என்று நான் சொல்வதை மட்டும் மூன்று தடவை திருப்பிப் போடுவான்.

மாநிலப் போட்டியில் அவர்கள் முதல் சுற்றிலேயே தோற்றார்கள். ஆனால் அதற்குக் கொடுத்த டீம் பட்டியலில் ஐந்து பெண்களின் பெயருக்குக் கீழே, உதவியாளர் என்ற இடத்தில், தேன்மொழி எழுதியிருந்தாள்: "கோதண்டம் - டேபிள் ஃபேன் பிடித்தவர்." அந்தப் பட்டியலும் கூடவே அந்த வீடியோவும் ஹாஸ்டல் ஹாஸ்டலாகப் பையன்களின் மொபைலில் சுற்றின.

போன மாதம் ஒரகடத்தில் ஒரு கம்பெனிக்கு டக்ட் வேலை பேசப் போனேன். வழக்கம்போல ஆரம்பித்தேன். எட்டாவதுதான் படித்தேன், கத்தரியோடு வந்தேன், இந்த வட்டாரத்துக்கே காற்று போட்டேன். எதிரே உட்கார்ந்திருந்த இளம் இன்ஜினியர் திருநெல்வேலிப் பக்கம் போலிருக்கிறது. என்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று எழுந்து கை கொடுத்தார்.

"சார், அந்த ஃபேன் பிடிச்ச அங்கிள் நீங்கதான?"

முப்பது வருஷம் டக்ட் போட்டு வராத பேர், ஒரு மணி நேரம் ஃபேன் பிடித்ததில் வந்துவிட்டது. ஆமா என்றேன். இந்த ஆமா உண்மையான ஆமா.

அவர் உட்கார்ந்து என் டிராயிங்கைப் பிரித்தார். ஒரு ஓரத்தில் பேனாவை வைத்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்.

"இன்சுலேஷன் உண்டுல்லா, அங்கிள்?"

"ரெண்டு சுத்து" என்றேன்.